நிலத் தரகர் ஆவதற்கு வேண்டுவன

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது பழமொழி. இந்த இரண்டு காரியங்களிலும் இடையே ஒருவர் வந்து நிற்பார். கல்யாணத்துக்கும் தரகர், வீட்டுக்கும் தரகர். கல்யாணத் தரகர் சொன்ன பொய் தாலி கட்டிய சில நாட்களில் வெளிப்பட்டுவிடும். நிலத் தரகர் சொன்ன பொய்யோ இருபது ஆண்டு கழித்துக்கூட வெளிப்படலாம். அதற்குள் விற்றவர் எங்கோ, தரகர் எங்கோ. நட்டம் மட்டும் வாங்கியவருடைய பிள்ளைகளிடம் வந்து சேரும்.

இதனால்தான் பல நாடுகள் இத்தொழிலைச் சட்டத்தின் கட்டுக்குள் கொண்டு வந்தன. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டில் அதற்கென ஒரு சட்டம் பிறந்தது. அச்சட்டம் தரகரிடம் எதைக் கேட்கிறது? எதைக் கேளாமல் விட்டுவிட்டது? கோலார் தங்க வயலில் பிறந்த ஒருவர் இத்தொழிலில் இறங்க விரும்பினால் அவர் முதலில் கற்க வேண்டியது யாது? இவற்றை நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்க வயலும் நிலமும்

தங்க வயலைப் பற்றி முதலில் ஏன் பேச வேண்டும்? நிலத்தின் நடுவே வாழ்ந்தும் நிலம் இல்லாத மக்கள் எம் மக்கள். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கத் தொழிலை ஏற்று நடத்தத் தொடங்கினர். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று சேர்ந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் அங்கே வந்தது. விளக்கு கம்பெனியுடையது, மருத்துவமனை கம்பெனியுடையது, தொழிலாளி படுத்துறங்கிய லைன் வீடும் கம்பெனியுடையது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமை ஆயின. 1962-இல் மத்திய அரசின் கைக்கு மாறின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் அமைந்தது. முதலாளி மாறினார், லைன் வீடு மட்டும் தொழிலாளியின் உடைமை ஆகவில்லை. மூவாயிரம் மீட்டருக்கு மேல் மண்ணுக்குள் இறங்கி வேலை செய்தவர்களுக்கு மண்ணின் மேல் சொந்தமாக ஒரு சாண் இடம் இல்லை.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. உழைப்புக்கு உரிய தொகை கைக்கு வந்தது. பலர் தம் குடும்பத்தில் முதன்முறையாக மனை வாங்கும் நிலைக்கு வந்தது அப்போதுதான். பட்டா என்றால் என்ன, வில்லங்கச் சான்று என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித் தர எவரும் இல்லை. தரகர்கள் மட்டும் இருந்தார்கள்.

எங்கள் லைனில் இருந்த பெரியவர் ஒருவர் அத்தொகையில் பெரும்பகுதியை ஒரு மனைக்குக் கொடுத்தார். ரசீது இல்லை, ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து மட்டும் இருந்தது. அரசு ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வழங்கிய நிலம் அது என்பதும், அரசின் முன் அனுமதி இன்றி அதை விற்கக்கூடாது என்பதும் பிறகுதான் தெரிந்தன. பணம் திரும்பவில்லை. நிலத்துக்குரிய குடும்பத்தை அவர் நொந்துகொண்டதில்லை. “அவங்களும் நம்மள மாதிரிதானே” என்பார். அவர் கேட்டுக்கொண்டே இருந்தது ஒரே கேள்விதான்: “அந்த ஆளுக்கு இது தெரியாதா தம்பி? இல்ல, தெரிஞ்சேதான் வித்தானா?”

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு சட்டத்துக்குள் நுழைவோம்.

யார் தரகர்?

2016-ஆம் ஆண்டின் நிலம், கட்டட விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பொதுமக்கள் ‘ரெரா’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதில் தரகர்களைப் பற்றிய பிரிவுகள் 2017 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டில் கர்நாடக அரசும் தன் விதிகளை வெளியிட்டது.

தரகர் என்பவர் யார் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் மிக விரிந்தது. அலுவலகம் திறந்து பலகை மாட்டியவர் மட்டும் தரகர் அல்லர். மனையோ வீடோ கைமாறுவதற்காக ஒருவர் சார்பில் பேசி, அதற்குக் கூலியோ கமிஷனோ பெறுகிறவர் தரகர். வாங்குபவரையும் விற்பவரையும் எவ்வழியிலாவது அறிமுகம் செய்து வைத்துப் பணம் பெறுகிறவரும் தரகரே. ‘புரோக்கர்’, ‘டீலர்’, ‘ஏஜெண்டு’ என்று எப்பெயரால் அழைத்தாலும் சட்டத்தின் முன் அவர் ஒருவரே.

இதை நம் மாணவ நண்பர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே போடப்படும் விரைவுச் சாலை பங்காரப்பேட்டை, பேத்தமங்கலம் பக்கமாகச் செல்கிறது. சாலை வருகிறது என்றதும் மனைப்பிரிவுகளும் வருகின்றன. ‘உறவினர் ஒருவரை அழைத்து வா, அவர் மனை எடுத்தால் உனக்கு இவ்வளவு’ என்று மாணவர்களிடமும் பேரம் பேசுகிறார்கள். கைபேசியில் நான்கு பேருக்குப் படம் அனுப்பியது ஒரு தொழிலா என்று நாம் நினைக்கிறோம். அனுப்பியதற்குக் கமிஷன் வாங்கினால், சட்டம் அதைத் தரகு என்றே கொள்ளும்.

பதிவு செய்யும் முறை

அரசிடம் பதிவு பெற்ற மனைப்பிரிவிலோ அடுக்குமாடியிலோ அதை உருவாக்கியவர் செய்யும் விற்பனைக்கு, ஒருவர் பதிவின்றித் தரகு பார்க்கக்கூடாது என்கிறது 9-ஆம் பிரிவு. நம் பேச்சு வழக்கில் ‘லைசென்ஸ்’ என்பது இந்தப் பதிவையே குறிக்கும்.

இப்பதிவுக்கு விண்ணப்பிப்பவர் கர்நாடகத்தில் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தம் பெயர், முகவரி, புகைப்படம், வருமானவரி நிரந்தரக் கணக்கு எண் அட்டையின் நகல், தொழில் நடக்கும் இடத்துக்கான முகவரிச் சான்று ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டு வருமானவரிக் கணக்கையும் இணைக்க வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் அதை உறுதிமொழியாக எழுதித் தரலாம். தனியாளாக இன்றிக் கூட்டு வாணிகமாகவோ கம்பெனியாகவோ நடத்துபவர் அதன் பதிவு ஆவணங்களையும் தர வேண்டும்.

கர்நாடக விதிகளின்படி கட்டணம் தனியாளுக்கு 25,000 ரூபாய். நிறுவனங்களுக்கு 2,00,000 ரூபாய். கட்டணம் மாறக்கூடியது, ஆகையால் கட்டுமுன் ஆணையத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பதிவு 5 ஆண்டுக் காலம் செல்லும். அது முடியுமுன் புதுப்பித்தல் வேண்டும். ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைக் கடந்தால் சரக்கு, சேவை வரிக்கும் பதிவு செய்தாக வேண்டும்.

தங்க வயல்காரர்கள் மறவாமல் நினைவில் வைக்க வேண்டியது மற்றொன்று உண்டு. ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு அம்மாநிலம் முழுவதற்கும் செல்லும். ஆனால் எல்லை தாண்டினால் செல்லாது. எங்கள் ஊரோ மூன்று மாநிலங்கள் கூடும் மூலையில் இருக்கிறது. காலையில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மனையைக் காட்டிவிட்டு மாலையில் குப்பத்தில் மற்றொன்றைக் காட்டலாம். குப்பம் ஆந்திரம், அங்கே வேறு ஆணையம். வாணியம்பாடி தமிழ்நாடு, அங்கே இன்னொரு ஆணையம். மூன்று ஊரிலும் தொழில் செய்ய விரும்புபவருக்கு மூன்று பதிவுகள் வேண்டும்.

பதிவுக்குப்பின் கடமைகள்

பதிவு பெற்றவருக்கு ஓர் எண் தரப்படும். தாம் முடித்து வைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். யார் முடித்து வைத்தது என்ற கேள்விக்கு நாளை ஒரு விடை இருக்கும். வெள்ளைத் தாளில் கையெழுத்திட்டு மறைந்துபோகும் காலத்துக்கு இந்த எண் ஒரு முற்றுப்புள்ளி.

10-ஆம் பிரிவு அவருடைய கடமைகளைச் சொல்கிறது. பதிவு பெற வேண்டியிருந்தும் பெறாத மனைப்பிரிவில் மனை விற்க அவர் துணை போகக்கூடாது. கணக்கு, ஏடுகளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லக்கூடாது. கிடைக்காத அனுமதியைக் கிடைத்துவிட்டதாகச் சொல்லக்கூடாது. தரப்போவதில்லை என்று தெரிந்தே வசதிகளை விளம்பரம் செய்யக்கூடாது. வாங்குபவர் முன்பணம் கட்டும் நேரத்தில், அவர் அறிய உரிமையுள்ள எல்லா ஆவணங்களும் அவர் கைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

எந்த மனைப்பிரிவுக்குப் பதிவு தேவை? நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமல் இருந்தால் தேவையில்லை; வீடுகள் எட்டுக்கு மிகாமல் இருந்தாலும் தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 5,380 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது என்ற நம் வழக்கமான மனைக் கணக்கில் நாலரை மனைதான் வரும். ஆகவே கொடி நட்டு, கல் நட்டு, வரைபடம் அடித்து விற்கும் மனைப்பிரிவு அனேகமாக இச்சட்டத்துக்குள்தான் வரும்.

மேலும் ஒரு விதியைத் தரகரும் அறிய வேண்டும், வாங்குபவரும் அறிய வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுமுன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மனைப்பிரிவின் உரிமையாளர் வாங்கக்கூடாது. மனை விலை 15 லட்சம் என்றால் முன்பணம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. ‘இன்றே பாதியைக் கட்டுங்கள், நாளை விலை ஏறிவிடும்’ என்று சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை.

கடமை தவறினால் என்ன ஆகும்? பதிவின்றித் தொழில் செய்தாலும், இக்கடமைகளை மீறினாலும், தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் தண்டம். அது அந்தச் சொத்தின் விலையில் 5 விழுக்காடு வரை ஏறலாம். 20 லட்ச ரூபாய் மனையானால் பத்தே நாளில் தண்டம் ஒரு லட்சத்தைத் தொடும். வழக்கத்தில் உள்ள தரகு ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு, தண்டமோ ஐந்து. கணக்குத் தெரிந்தவர் எவரும் இத்துணிவு கொள்ளார். பொய்யான தகவல் தந்து பெற்ற பதிவை, தரகரின் விளக்கத்தைக் கேட்டபின், ஆணையம் நீக்கிவிடலாம். பாதிக்கப்பட்ட எவரும் தரகர் மீது ஆணையத்தில் முறையிடலாம். பதிவு பெற்றவர் யார், பதிவு நீக்கப்பட்டவர் யார் என்ற பட்டியலை ஆணையம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

சட்டம் கேளாதவை

இதுவரை படித்த நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். புகைப்படம் கேட்டார்கள்; வரிக் கணக்கு கேட்டார்கள்; கட்டணம் கேட்டார்கள். ‘உனக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும்?’ என்று மட்டும் கேட்கவில்லை. மத்தியச் சட்டம் தரகருக்குப் படிப்புத் தகுதி எதையும் வைக்கவில்லை, தேர்வும் வைக்கவில்லை.

பிற இடங்களில் அப்படியில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 18 வயது நிரம்பியவர் கல்லூரித் தரத்தில் மூன்று பாடங்களை முடித்து, அரசு நடத்தும் தேர்விலும் வெற்றி பெற்றால்தான் உரிமம் கிடைக்கும். நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2010-இல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. அங்கே பயிற்சியும் தேர்வும் உண்டு. வீடு விற்கும் பணத்தைத் தரகர் தம் கையால் தொடவே கூடாது என்ற விதியும் உண்டு. நம் நாட்டிலேயே மகாராட்டிர மாநில ஆணையம் 2023-இல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது.

மற்றொரு குறையும் உண்டு. பதிவுக் கட்டாயம் புதிய மனைப்பிரிவுகளின் விற்பனைக்கே உரியது. ஒருவர் தம் பழைய வீட்டை மற்றொருவருக்கு விற்கும்போது இடைநிற்கும் தரகருக்கு இப்பிரிவின்படி பதிவு வேண்டியதில்லை. தங்க வயலில் கைமாறுபவற்றில் பழைய வீடுகளே மிகுதி. எனவே சட்டத்தின் பாதுகாப்பு எங்கே மெலிகிறதோ அங்கேதான் எங்கள் மக்கள் நிற்கிறார்கள். அங்கே அவர்களைக் காப்பது தரகருடைய அறிவும் நேர்மையும்தான்.

தங்க வயலில் வேண்டிய கல்வி

அந்த அறிவு எது? முதலாவது, கன்னடம் படிக்கத் தெரிதல். இதைத் தமிழ் மன்ற இதழில் எழுதுவதற்கு நான் தயங்கவில்லை. கர்நாடகத்தில் நிலப் பதிவேடுகள் கன்னடத்தில் உள்ளன. ‘பஹணி’ என்னும் ஏட்டில் சர்வே எண், பரப்பு, உரிமையாளர் பெயர், நிலத்தின் மேல் உள்ள கடன் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்கத் தெரியாதவர் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்பவரே தவிர, தரகர் ஆகமாட்டார். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து பள்ளியில் கன்னடமும் கற்ற எங்கள் இளைஞர்கள் இத்தொழிலில் ஊருக்குப் பெருந்துணை ஆகலாம். அந்த ஏட்டைப் பெரியவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லலாம் அல்லவா?

இரண்டாவது, வில்லங்கச் சான்று. நம் பேச்சில் வில்லங்கம் என்றால் வம்பு. பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் என்பது சொத்தின் மேல் உள்ள அடமானம், விற்பனை முதலிய பதிவுகள். இரண்டும் ஒன்றேதான் என்பது மனை வாங்கியவருக்குத் தெரியும்! முப்பது ஆண்டுச் சான்றேனும் எடுத்துப் பார்த்தல் நன்று. ஆயினும் பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் தெரியும்; பதியாத ஒப்பந்தமும் குடும்ப வழக்கும் தெரியா. அவற்றை நேரில் சென்று விசாரித்துத்தான் அறிய வேண்டும்.

மூன்றாவது, நிலத்தின் தன்மை. விவசாய நிலத்தை மனையாக்க 1964-ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின்படி மாவட்டத் துணை ஆணையரின் அனுமதி வேண்டும். மக்கள் இதை ‘டி.சி. கன்வர்ஷன்’ என்பர். அது இன்றி விற்கப்படும் மனைக்கு ‘ரெவின்யூ சைட்’ என்று பெயர். விலை மலிவாக இருக்கும்; ஏன் மலிவு என்பதைச் சொல்வதே தரகர் கடமை. நகராட்சிப் பகுதியானால் ‘கத்தா’ யார் பெயரில் உள்ளது என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவது, எங்கள் பெரியவரை வீழ்த்திய செய்தி. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அரசு வழங்கிய நிலத்தை அரசின் முன் அனுமதியின்றி விற்கவோ வாங்கவோ கூடாது என்று கர்நாடகத்தில் 1978-இல் ஒரு சட்டம் வந்தது. மீறி விற்றால் விற்பனை செல்லாது. நிலம் உரிய குடும்பத்துக்கே திரும்பும். அவர்கள் முறையிடுவதற்குக் கால வரம்பு இல்லை என்று 2023-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இது நியாயமான சட்டம். ஏழையின் கையிலிருந்து நிலத்தைப் பறிப்போரைத் தடுக்க வந்தது. தங்க வயல் மக்களில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்டோரே. ஓர் ஏழையின் நிலத்தைக் காட்டி மற்றோர் ஏழையின் பணத்தைப் பறித்த தரகரே இங்கே குற்றவாளி.

ஐந்தாவது, லைன் வீடுகள். பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் நிலம் மட்டும் 12,000 ஏக்கருக்கு மேல். மூன்று தலைமுறை ஒரு வீட்டில் வாழ்ந்திருக்கலாம். திண்ணை கட்டி, மேலே ஓர் அறையும் எழுப்பியிருக்கலாம். குடியிருத்தல் வேறு, விற்கும் உரிமை வேறு. அவர் பெயரில் உரிமைப் பத்திரம் வந்ததா என்பதே கேள்வி. வரவில்லை என்றால் அங்கே கைமாறுவது வீடு அன்று, வெறும் சாவி. மேலும், சயனைடு மண்மேடு எவ்வளவு தூரம், பழைய சுரங்க வாய் எங்கே, அடியில் தோண்டிய பகுதியா என்பவற்றையும் வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும். வெளியூரிலிருந்து வருபவருக்கு இவை தெரியா. நம்மூர்த் தரகருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

முடிவாக

பட்டம் பெற்று, நாள்தோறும் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் நம் இளைஞர்களுக்கு, ஊரிலேயே செய்யக்கூடிய தொழில் ஒன்று இருப்பது நல்ல செய்தி. இதில் இழிவு ஏதும் இல்லை. விண்ணப்பம், கட்டணம், சான்று என்ற படிகளை எவரும் ஏறிவிடலாம். ஆனால் ‘இந்த நிலத்தை வாங்காதீர்கள்’ என்று சொல்லி, கைக்கு வர இருந்த தரகுப் பணத்தை விட்டுக்கொடுக்கும் நாளில்தான் ஒருவர் உண்மையில் தரகர் ஆகிறார். அதற்கு எந்த ஆணையமும் சான்று தருவதில்லை. ஊர்தான் தரும்.

பெரியவரின் கேள்விக்கு வருவோம். தெரியாமல் விற்றானா, தெரிந்தே விற்றானா? தெரிந்தே விற்றவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். தெரியாமல் விற்றேன் என்று சொல்லும் நிலை, படித்த நமக்கு வரலாகாது. தெரிந்துகொள்ள வாய்ப்புள்ளவர் தெரியாமல் விற்பதும் குற்றமே. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள், தம் வீட்டில் மனைப் பத்திரம் இருந்தால் அதை எடுத்து ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அருகில் அமர்த்திக்கொண்டு படியுங்கள். தரகுத் தொழிலுக்கு மட்டுமன்று, வாழ்க்கைக்கும் அதுவே முதற் பாடம்.